வராத காசுக்கு வரி: ஒரு லேத் பட்டறைக்காரன் டைரி

செப்டம்பர் 4, 2025, வியாழன்

காலைல டீக்கடைல ஒரே கொண்டாட்டம். ஜிஎஸ்டி கொறச்சுட்டாங்களாம், இனிமே 5, 18னு ரெண்டே ரேட்டு தானாம், தீபாவளி பரிசாம். பக்கத்து கிரில் பட்டறை அண்ணன் கார் புக் பண்ண இருந்தவரு, 22ம் தேதி ஆகட்டும்னு தள்ளி வெச்சுட்டாரு. நானும் சந்தோஷமா ரெண்டு வடை சேத்து தின்னுட்டு வந்தேன்.

மத்தியானம் ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணு வாய்ஸ் மெசேஜ் போட்டுச்சு. "அண்ணா, உங்க ஜாப் ஒர்க் 12ல இருந்து 18க்கு போகுதுங்ணா, 22ம் தேதில இருந்து பில்லுல மாத்திக்கோங்க." (ஜாப் ஒர்க்குன்னா அடுத்தவங்க பொருள வாங்கி கூலிக்கு வேலை செஞ்சு குடுக்கறது.) ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை சம்சாரத்துகிட்ட போட்டுக் காட்டுனேன், எனக்குத்தான் காது சரியில்லையோன்னு.

12ங்கற ரேட்டையே எடுக்கறாங்கன்னா நம்மள 5ல போடுவாங்கன்னு தான கோயமுத்தூர்ல பாதிப்பேரு நெனச்சோம், சங்கத்துக்காரங்க வருஷக்கணக்கா 5 கேட்டு மனு மேல மனு குடுத்துட்டு இருந்தாங்க. 2019 அக்டோபர்ல 18ல இருந்து 12 ஆச்சு. ஆறு வருஷம் கழிச்சு திரும்ப அதே 18. தோல் ஜாப் ஒர்க்குக்கு 5, மருந்துக்கு 5, அதெல்லாம் எறக்கியாச்சு. இரும்பு கடையற நாங்க "மத்தவை"ங்கற லிஸ்ட்ல இருக்கோம். மத்தவை!

செப்டம்பர் 7, ஞாயிறு

மச்சான் வந்திருந்தாரு, ஐடில வேலை. "வரிய கஸ்டமர் தான மாமா குடுக்கறான், அவனும் அத அவன் கட்டற வரில கழிச்சு கிரெடிட் எடுத்துக்கறான், உங்களுக்கு என்ன நஷ்டம்?"ன்னு கேட்டாரு. டிவில பேசறவங்களும் இதையேதான் கேக்கறாங்க, அதனால ஒருவாட்டி எழுதியே வெச்சர்றேன்.

நம்ம கம்பெனி (நாலு லேத்து, ஒரு மில்லிங், ஒரு ரேடியல் ட்ரில், ஆறு ஆளு, ஆனா எங்கூர்ல இதுக்குப் பேரு கம்பெனி) பம்புக்கு ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்குது. மெட்டீரியல் அவங்களது, கூலி மட்டும் நமக்கு. 2,40,000க்கு பில் போட்டா 12%ல வரி 28,800. இனிமே 43,200. அத அடுத்த மாசம் 20ம் தேதிக்குள்ள நான் கட்டணும். பில்லுக்கு காசு வர்றது எப்போன்னா, பேச்சு 45 நாள், நடப்பு 90 நாள்.

சரி, நான் வாங்கற பொருளுக்கு கட்டுன வரிய (இன்புட்) கழிச்சுக்கலாமேன்னா எதுல கழிக்கறது? எனக்கு பெரிய செலவே கூலியும் கரண்டும் தான். கூலிக்கு ஏது ஜிஎஸ்டி, கரண்டுக்கும் ஜிஎஸ்டி கெடையாது, கரண்டு போனா ஜென்செட்டுக்கு ஊத்தற டீசல் ஜிஎஸ்டிக்குள்ளயே வராது. இன்சர்ட்டு (லேத்துல இரும்ப வெட்டற முனை), கூலண்ட் ஆயில் வாங்குன பில்லுல மூவாயிரம் நாலாயிரம் கழியும், அவ்வளவுதான். மீதி பூராவும் என் கைக்காசு, கைல இல்லன்னா பேங்க் ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்). நான் கடன் வாங்கி கவர்மென்ட்டுக்கு கட்டிட்டு, அந்தக் காசு வரும் வரும்னு கஸ்டமர் ஆபீஸ் செக்யூரிட்டிகிட்ட சிரிச்சுப் பேசிட்டு நிக்கணும்.

மச்சான் "ஓ"ன்னாரு. அப்புறம் மட்டன் நல்லாருக்குன்னாரு.

செப்டம்பர் 22, திங்கள்

பில் சாஃப்ட்வேர்ல 18னு மாத்தியாச்சு. சாயங்காலம் சம்சாரம் மளிகைக்கடை போயிட்டு வந்து சோப்பு, ஷாம்பு, பேஸ்ட்டு எல்லாம் கொறையுதுங்கன்னு சொன்னா. பழைய ஸ்டாக்க பழைய ரேட்டுக்கே குடுத்தானாம், புது ஸ்டாக் வந்தா கொறையுமாம். அதுக்கெல்லாம் 18 இருந்தது 5 ஆனது உண்மைதான், இல்லேங்கல. ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு இனிமே ஜிஎஸ்டியே இல்ல, அது எனக்கு நெஜமாலுமே லாபம், போன வருஷம் 18% அழுதுகிட்டே கட்டினேன். நோவு வந்துருமோன்னு பயந்து கட்டற காசுக்கே எட்டு வருஷம் வரி வாங்குனத இப்ப நிறுத்துனா நன்றி சொல்லணுமா என்னன்னு தெரியல. சொல்லிர்றேன். நன்றி.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

மெஷின் எல்லாம் டீசல் போட்டு தொடச்சு, சக்குக்கு சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படையல். பழைய லேத் ஒண்ணு அப்பா காலத்துது, பெட்டுல தேய்மானம் இருக்கு, அதுக்கு மட்டும் எப்பவும் பெரிய மாலை. இந்தத் தடவை பூஜை நடக்கறப்பவே மனசு பூரா போனஸ் கணக்குல தான் ஓடுச்சு. தீபாவளி 20ம் தேதி. 3பி (மாசாமாசம் கணக்கு குடுத்து ஜிஎஸ்டி கட்டற ஃபார்ம்) கட்டறதுக்கு கடைசி நாளும் அதே 20. ஆறு பேருக்கு போனஸும் வரியும் ஒரே வாரத்துல.

அக்டோபர் 12, ஞாயிறு

தூக்கம் வரல, மொபைல்ல மத்திய பட்ஜெட்ல ரூபாய் எங்க இருந்து வருது எங்க போகுதுன்னு போடுவாங்களே அந்த வட்டப்படத்த பாத்துட்டு இருந்தேன். 2025-26க்கு, வர்ற ஒரு ரூபாய்ல கடன் 24 பைசா, இன்கம் டாக்ஸ் 22, ஜிஎஸ்டி 18, பெரிய கம்பெனிங்க கட்டற கார்ப்பரேஷன் டாக்ஸ் 17. போறதுல வட்டி மட்டும் 20 பைசா. அட சாமி, அவங்களும் ஓடில தான் பொழப்ப ஓட்டறாங்க! என்ன, நான் வட்டி கட்டாம விட்டா பேங்க்ல இருந்து வீட்டுக்கு ஆள் வரும்.

மாநிலம் மட்டும் என்ன வாழுது. 2021 ஆகஸ்ட்ல வெள்ளை அறிக்கை விட்டப்போ ஒவ்வொரு குடும்பத்து தலைலயும் 2,63,976 ரூபாய் கடன்னு சொன்னாங்க, அந்த நம்பர் மட்டும் மறக்கவே மாட்டேங்குது, என் பேருல எவனோ வாங்குன கடன் மாதிரி. இந்த வருஷ பட்ஜெட்ல, 2026 மார்ச்சுல மொத்தக் கடன் 9.29 லட்சம் கோடிக்கு மேல இருக்கும்னு போட்டிருக்கு.

ஒண்ணு சொல்லிர்றேன், இலவசம் இலவசம்னு கத்தற கோஷ்டி நான் கெடையாது. நம்மகிட்ட டிபர்ரிங் (கடைஞ்ச இரும்புல பிசிறு எடுக்கறது) பண்ற அக்கா பஸ்ல டிக்கெட் எடுக்காம வருது, மாசம் ஆயிரம் ரூபாய் வருது, அதுல கேஸ் சிலிண்டர் வாங்கிருது. அந்தக் காசு எங்க போச்சுன்னு எனக்கு கண்ணுல தெரியுது. தெரியாதது தான் வயித்தெரிச்சல். எங்க முக்குல ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடை வெச்சாங்க, பளபளன்னு எவர்சில்வர் பைப்புல பெஞ்சு. மூணு பேரு உக்காரலாம், மத்தியானம் ஒருத்தரும் உக்கார முடியாது, சூடு. மேல நிதி ஒதுக்குனவங்க பேரு போட்ட போர்டு, குடைய விட அது தான் பெருசு. வெயில் சாயறப்போ அந்த போர்டு நெழல்ல தான் சனங்க நிக்குது. நான் ஷாஃப்ட்டுல ரெண்டு தவ்வு (தவ்வுங்கறது எங்க லேத்து பாஷைல கண்ணுக்கே தெரியாத அளவு) கூடப் போனா ரிஜெக்ட்டுன்னு திருப்பி அனுப்பறாங்க, இத எந்த கேஜ் போட்டு பாஸ் பண்ணாங்களோ.

அக்டோபர் 19, ஞாயிறு

போனஸ் குடுத்தாச்சு. ஓடி லிமிட்டுல இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து மெசேஜ், 3பி 25ம் தேதி வரைக்கும் தள்ளி வெச்சிருக்காங்களாம். தீபாவளிக்கு மொத நாள் சொல்றாங்க! தீபாவளி எப்போன்னு போன வருஷமே காலண்டர்ல போட்டிருந்துச்சே. இருந்தாலும் அஞ்சு நாள் கெடச்சுது, நைட்டு நல்லா தூங்குனேன்.

அக்டோபர் 25, சனி

கட்டியாச்சு. ஓடில இருந்து தான். ஒரு நாள் லேட்டானா 50 ரூபாய், அதுபோக வருஷத்துக்கு 18% வட்டி. எனக்கு காசு தர வேண்டியவன் லேட்டானாலும் சட்டம் இருக்குதுங்க, 2006லயே போட்டது, 45 நாளைக்கு மேல போனா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு வட்டி கேக்கலாம், போர்ட்டல்ல புகாரும் போடலாம். போட்டா வட்டி வரும். அடுத்த ஆர்டர் வராது. அதான் யாரும் போடறதில்ல.

நவம்பர் 6, வியாழன்

ஆகஸ்ட் பில்லுக்கு இன்னைக்கு பேமென்ட் வந்துச்சு. 2,40,000ல டிடிஎஸ் (முன்கூட்டியே புடிக்கற இன்கம் டாக்ஸ்) 2,400 போக 2,37,600. வரி 28,800 வரல. அக்கவுண்ட்ஸ்க்கு போன் பண்ணேன்.

"சார், ஜிஎஸ்டி அமவுண்ட் ஹோல்டுல இருக்கு. நீங்க கட்டிட்டீங்களான்னு செக் பண்ணிட்டு தான் ரிலீஸ் பண்ணுவோம்."

"தம்பி, செப்டம்பர் 20லயே கட்டிட்டனப்பா, பில்லும் உங்க 2பில, அந்த கிரெடிட் லிஸ்ட்ல, வந்திருக்குமே."

"வந்திருக்கும் சார், செக் பண்ற மேடம் லீவு. திங்கக்கெழமை கூப்பிடுங்க."

அவங்கள சொல்லியும் குத்தமில்ல. நான் கட்டாம விட்டா அவங்க கிரெடிட் போயிரும், எவனோ ஒருத்தன் அப்படி ஏமாத்தி வெச்சிருப்பான், இப்ப எல்லார்த்தையும் புடிச்சு வெக்கறாங்க. இது 12% பில்லு. அடுத்து 18% பில்லு வரிசைல நிக்குது.

டிபர்ரிங் அக்கா ரெண்டாயிரம் அட்வான்ஸ் கேட்டுச்சு, பையனுக்கு பீஸாம். குடுத்தேன். திங்கக்கெழமை 11 மணிக்கு அந்த மேடத்த கூப்படணும்னு கேலண்டர்ல எழுதி வெச்சிருக்கேன்.