இம்யூனோதெரப்பிக்கு முன்னால் ஒரு பிளாக்கைத் தேடி

அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. வயிற்றில் போடும் ஹார்மோன் ஊசியும் அபிராடெரோன் மாத்திரையும் கொஞ்ச காலம் நன்றாகவே அடக்கி வைத்திருந்தன. பிறகு பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் ரத்த அளவு) ஏற ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து கிள்ளானில் இருக்கும் மாமா ஒரு வீடியோ அனுப்பினார். "நோபல் பரிசு வாங்குன கண்டுபிடிப்பும்மா. நம்ம எதிர்ப்பு சக்தியே நோயை அழிச்சிடுமாம். இ.பி.எஃப். காசை எடுத்தாவது போட்டுடுவோம்."

மாமா சொன்னதில் பொய் இல்லை. 2018-இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் அந்தப் பரிசு கிடைத்தது, எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இந்த இம்யூனோதெரப்பி சிகிச்சைக்கு வழிகாட்டியதற்காகத்தான். ஆனால் வீடியோவில் பேசியவர் புரோஸ்டேட் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நுரையீரலுக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் கிடைத்த வெற்றியைக் காட்டி எல்லாருக்கும் ஆசை காட்டுகிற கூட்டம் பெருகிவிட்டது.

பினாங்கில் அப்பாவைப் பார்க்கும் புற்றுநோய் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் தாளில் ஒரு வட்டம் போட்டு விளக்கினார். நோயைத் தாக்கும் வெள்ளணுக்களான நம் டி-செல்களின் மேல் பி.டி-1 என்று ஒரு ஏற்பி இருக்கிறது. அதுதான் பிரேக். புற்றுச்செல் தன்மேல் பி.டி-எல்1 என்ற புரதத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிரேக்கை மிதிக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்து பி.டி-1-ஐ மறைத்துவிடுவதால் மிதிக்க முடியாமல் போகிறது. டி-செல் தாக்கத் தொடங்குகிறது.

அப்பா பிறை என்ற ஊரில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். உடனே கேட்டார்: "பிரேக்கை எடுத்துட்டா போதுமா டாக்டர்? இஞ்சின் ஓடணுமே?"

டாக்டர் சிரித்துவிட்டார். விஷயமே அதுதானாம். புரோஸ்டேட் கட்டிக்குள் டி-செல்கள் பெரும்பாலும் குறைவாகத்தான் நுழைகின்றன. மரபணுப் பிழைகளும் குறைவு என்பதால், 'இது அந்நியம்' என்று டி-செல்லின் ஏற்பி அடையாளம் காண அங்கே அதிகம் எதுவும் இல்லை. கீமோவுக்குப் பிறகும் நோய் வளர்ந்தவர்களிடம் இந்த மருந்தைச் சோதித்தபோது, பி.டி-எல்1 இருந்தவர்களிலேயே நூற்றுக்கு 5 பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. சி.டி.எல்.ஏ-4 என்ற இன்னொரு ஏற்பியைத் தடுக்கும் இபிலிமுமாப்பைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வும், 2014-இல் முடிவு வந்தபோது, ஆயுளைக் கூட்டியதாக நிரூபிக்கவில்லை.

"அப்போ யாருக்குமே வேலை செய்யாதா?" என்றேன். சிலருக்குச் செய்யும் என்றார். டி.என்.ஏ.வில் விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் சிலருடைய கட்டியில் இருப்பதில்லை. அங்கே பிழை குவியும். டி-செல்லுக்கு அடையாளமும் நிறைய கிடைக்கும். அமெரிக்காவில் 2017-இல் பெம்ப்ரோலிசுமாப்புக்கு, எந்த உறுப்பில் வந்த கட்டி என்று பாராமல், இந்தக் குறைபாட்டை வைத்தே அனுமதி கொடுத்தார்கள். புரோஸ்டேட் நோயாளிகளில் அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இருப்பார்கள். அப்பா அந்த மூன்றில் ஒருவரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு அப்பாவின் திசு வேண்டும். எலும்பிலிருந்து புதிதாக எடுக்கலாமா என்றால், எலும்பை மென்மையாக்கப் பயன்படுத்தும் அமிலம் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆக, முதல் பயாப்சியின்போது எடுத்து மெழுகில் பதித்து வைத்த பிளாக்தான் கதி. அது வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தது.

அங்கே முகப்பில் இருந்த பெண்ணுக்குப் பிளாக் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ரிப்போர்ட் நகலைத் திரும்பத் திரும்ப நீட்டினார். ரிப்போர்ட் வேறு, பிளாக் வேறு. நீங்கள் போனால் முகப்பில் நிற்காமல் பெத்தாலஜி லேப்பின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். டாக்டரின் கடிதம், நோயாளி கையெழுத்திட்ட சம்மதம், ஐசி (அடையாள அட்டை) நகல், பயாப்சி ரிப்போர்ட்டின் மேல்மூலையில் இருக்கும் லேப் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். அந்த எண் இல்லாவிட்டால் அலமாரியில் தேடவே மாட்டார்கள். எனக்கு எடுத்துக் கொடுத்தவர் ஒரு வயதான மலாய் டெக்னீஷியன். வெயிலில் காடிக்குள் வைத்துவிட்டுப் போகாதே, மெழுகு இளகிவிடும் என்று எச்சரித்தார்.

எம்.எல்.எச்1, எம்.எஸ்.எச்2, எம்.எஸ்.எச்6, பி.எம்.எஸ்2 என்ற, பிழை திருத்தும் நான்கு புரதங்களுக்கும் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தால், அது பரம்பரையாக வந்ததா என்று என்னையும் தம்பியையும்கூடச் சோதிக்க வேண்டியிருக்கும்; அதே குறைபாடு குடல் புற்றுநோய்க்கும் வழிவிடும். அப்பாவுக்கு நான்குமே இருந்தன. அதாவது இந்த மருந்து அவருக்கு உதவும் வாய்ப்பு மிகக் குறைவு.

மாமாவுக்கு ஏமாற்றம். "இருந்தாலும் ஒருதடவை போட்டுப் பாத்தா என்னம்மா?" என்றார். ஒரு ஊசிக்கே ஆயிரக்கணக்கில் ரிங்கிட் போவது ஒரு பக்கம். பிரேக் இல்லாத டி-செல் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் தாக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னதையும் மாமாவிடம் எடுத்துச் சொன்னேன். அப்பாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "இஞ்சின் இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, விடு" என்று கீமோவுக்குத் தலையாட்டிவிட்டார். டோசிடாக்செல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

அதே பிளாக்கிலிருந்து இப்போது பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக்களின் சோதனைக்கும் திசு போயிருக்கிறது. அதில் மாற்றம் தெரிந்தால் ஓலாபாரிப் மாத்திரை பற்றி யோசிக்கலாம் என்கிறார் டாக்டர். பிளாக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குள் எல்லாச் சோதனைக்கும் வேண்டிய துண்டுகளைச் சேர்த்து வெட்டிவைக்கச் சொல்லிக் கேளுங்கள், லேப்பில் ஒத்துக்கொள்வார்கள்.