பந்து அட்டைக்கு இன்னும் பேரு வைக்கல

26 ஜூன், வியாழன்
விடியறதுக்கு முன்னாடியே சிங்கப்பூர் சாங்கி பீச். வருஷ நடுவுல கடல் நல்லா உள்வாங்கற பெரிய வத்தம் எல்லாம் இங்க அந்த நேரத்துலதான், எம்ஆர்டி ஓடாது, கிராப்லதான் போகணும், ட்ரைவர் அங்கிள் பூட்ஸையும் வாளியையும் பாத்துட்டு மீன் பிடிக்கவான்னாரு, கடலட்டை பாக்கன்னேன், அதுக்கப்புறம் ஒன்னும் கேக்கல. கடல்புல் நடுவுல டார்ச் அடிச்சா பந்து அட்டை, அதாவது பந்து மாதிரி உருண்டையா இருக்கற கடலட்டை, அங்கங்க கெடக்கு. எலுமிச்சம்பழம் சைஸ், தொட்டா இன்னும் இறுகிக்கும். கரைல நடக்கறவங்க பலரும் பாத்திருக்கற உயிருதான், கைடுல ஃபோட்டோவும் உண்டு, ஆனா போட்டிருக்கறது ஃபில்லோஃபோரஸ் எஸ்பி.ன்னு மட்டும், மொதல்ல இருக்கறது பேரினத்தோட பேரு, எஸ்பி.ன்னா எந்த இனம்னு தெரியல, இனப்பேரு இருக்க வேண்டிய இடம் காலி. பூங்கா வாரியம் என்பார்க்ஸ் குடுத்த பெர்மிட்ல சொன்ன அளவு எடுத்துட்டு கெளம்பிட்டோம்.

27 ஜூன், வெள்ளி
அப்படியே ஆல்கஹால்ல போட்டா வாயச் சுத்தி இருக்கற டென்டக்கிள், அதாவது உணர்கொம்பு, எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கிட்டு செத்துரும், அப்புறம் எண்ணவே முடியாது, அதனால மொதல்ல மக்னீசியம் குளோரைடு கரைச்ச தண்ணில மயக்கணும். லேப் அக்கா கோப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஒன்னு மெதுவா விரிஞ்சிருச்சு, கிளை கிளையா, வெளி வட்டத்துல பெருசு உள் வட்டத்துல சின்னது, மொத்தம் 20. பழைய கணக்குப்படி 10 இருந்தா குக்குமாரிடே குடும்பம், அதுக்கு மேல போனா பெரும்பாலும் ஃபில்லோஃபோரிடே குடும்பம், கூடவே தொண்டைய சுத்தி இருக்கற சுண்ணாம்பு வளையத்தோட அமைப்பையும் பாக்கணும். கேக்க சுலபமா இருக்குல்ல. 2017ல வந்த ஜீன் ஆராய்ச்சில இந்த ரெண்டு குடும்பமுமே ஒரே கிளையா நிக்கல, பரிணாம மரத்துல அங்கங்க செதறிக் கெடக்கு.

1 ஜூலை, செவ்வாய்
இன்னைக்கு ப்ளீச் வேலை. தோல்ல ஊசிமுனை அளவு கிள்ளி ஸ்லைடுல வச்சு ஒரு சொட்டு ப்ளீச் விட்டா நொரை நொரையா வந்து சதை கரையும், அடில கண்ணுக்கே தெரியாத சுண்ணாம்புத் துணுக்குங்க மட்டும் மிஞ்சும். மைக்ராஸ்கோப்ல அது ஒரு தனி உலகம், ஓட்டை ஓட்டையா ஒரு தட்டு, அது மேல சின்னத் தூண், தூண் நுனில பல்லு. இதுக்கு டேபிள்னு பேரு. கடலட்டை இனத்த பிரிக்கறதுக்கு வெளிக் கலர நம்பறத விட இத நம்பறதுதான் வழக்கம். ஆனா ஒரு சிக்கல், சில இனத்துல வயசாக ஆக இந்தத் துணுக்கு கொறஞ்சுகிட்டே போகும். சின்ன அட்டைல நெறைய, பெரிய அட்டைல தேடித்தான் பாக்கணும், இப்ப இது ரெண்டு இனமா இல்ல அப்பாவும் புள்ளையுமான்னு யாரு சொல்றது?

4 ஜூலை, வெள்ளி
ஒரு பழைய ஜார் கெடச்சுது, லேபிள்ல தயோனி, அது இன்னொரு கடலட்டைப் பேரினம், பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி. ஆர்வமா ப்ளீச் போட்டா ஒன்னுமே இல்ல. ஃபார்மலின்ல ஊறினது, அது நாளாக நாளாக அமிலமாகி சுண்ணாம்பையே தின்னுரும். கலரும் போச்சு துணுக்கும் போச்சு, அந்தக் கேள்விக்குறி மட்டும் இருக்கு.

ராத்திரி ராமநாதபுரம் மாமா கிட்ட வாட்ஸ்அப்ல பேசும்போது சொன்னேன், திங்கறதான்னுதான் மொதல்ல கேட்டாரு. 2001ல இந்தியா தடை போடறதுக்கு முன்னாடி வெள்ளட்டை அவிச்சு காயப்போட்டு நம்ம சிங்கப்பூருக்குத்தான் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. அந்த வெள்ளட்டை, அதாவது ஹாலோதூரியா ஸ்காப்ரா, அது குஞ்சு பொரிக்கறதுல இருந்து பண்ணைல வளக்கறது வரைக்கும் அக்குவேறா ஆணிவேறா எழுதி வச்சிருக்காங்க. பந்து அட்டைய யாரும் வாங்கறதில்ல, அதனால யாரும் உக்காந்து பாக்கவும் இல்ல. எனக்கு இதுதான் எரிச்சல்.

9 ஜூலை, புதன்
சிஓஐ சீக்வென்ஸ், அதாவது இனத்த அடையாளம் காண பாக்கற ஜீனோட வரிசை, வந்திருச்சு. டேட்டாபேஸ்ல தேடினா கிட்ட வர்றதே இல்ல, இந்தக் கூட்டத்துல பேரு சரிபாத்துப் போட்ட சீக்வென்ஸ் கம்மி, அதுலயும் யாரோ ஃபோட்டோ பாத்து பேரு வச்சதா இருந்தா இன்னும் மோசம். அக்கா ஒரு பழைய பேர எடுத்து முன்னாடி சிஎஃப்., அதாவது இந்த இனம் மாதிரி இருக்கு ஆனா உறுதியில்லன்னு அர்த்தம், போட்டுறலாம்னாங்க, நான் வேணாம்னேன், சிஎஃப். போட்டா அடுத்த லிஸ்ட்ல அத யாராவது தூக்கிருவாங்க, அப்புறம் அதுதான் பேருன்னு நெலைச்சிரும், பாத்திருக்கோம்ல. கொஞ்ச நேரம் வாக்குவாதம். கடைசில ஃபில்லோஃபோரஸ் எஸ்பி. ஒன்னு, எடம், தேதி, மயக்கின முறை எல்லாம் லேபிள்ல ஏத்தி ஆல்கஹால்ல வச்சாச்சு. அடுத்தது பழைய இனங்களோட டைப் ஸ்பெசிமன், அதாவது பேரு வைக்கும்போது ஆதாரமா எடுத்து வச்ச உயிரு, அதோட துணுக்கு ஃபோட்டோ வேணும், அது வெளிநாட்டு மியூசியத்துல, மெயில் போட்டிருக்கோம், பதில் வந்தா எழுதறேன்.