மஞ்சள் துணியில் முடிந்த 11 வெள்ளி

என் மகள் 7 வாரம் முன்னாடியே பிறந்தவள், எடை ஒன்றரைக் கிலோதான். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு அவள் கிடந்த அன்று, அம்மா சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் சாமி மேடை முன்னால் மஞ்சள் துணியில் 11 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர் காசுகளை) முடிந்து, "மதுரைக்குத் தூக்கிட்டு வர்றேன் தாயே" என்று வேண்டிக்கொண்டார். அப்புறம் கொரோனா, என் வேலை, அம்மாவின் முட்டிவலி என்று தள்ளிக்கொண்டே போனது. ஜனவரியில் மகள் தொடக்கநிலை ஒன்றுக்குப் போவதற்குள் போயே ஆகவேண்டும் என்று டிசம்பர் விடுமுறையில் கிளம்பிவிட்டோம்.

மார்கழி என்பதை மறந்தே போனோம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி முழுக்க ஐயப்ப பக்தர்கள், மேல்மருவத்தூர் செவ்வாடைக்காரர்கள். எங்கள் பேச்சை வைத்தே வெளிநாடு என்று கண்டுபிடித்த ஒருவர், 2,000 ரூபாய் கொடுத்தால் நேராக அம்மன் முன்னால் நிறுத்துகிறேன் என்று விடாமல் கூடவே வந்தார். வேண்டுதலுக்குப் போகும் கிழவியிடமா பேரம் பேசுவது? எனக்குக் கோபம். அம்மா திரும்பியே பார்க்கவில்லை, கைபேசிகளைக் கோயில் பாதுகாப்பறையில் கொடுத்துவிட்டு அட்டசக்தி மண்டபம் வழியாக வரிசைக்கு நடந்துவிட்டார்.

இரண்டரை மணி நேரம். பொற்றாமரைக் குளப் படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் அம்மா வந்தார், மகள் தோளில் தூங்கிவிட்டாள். ஆனால் கருவறைக்கு நேரே வந்ததும் தானாகவே கண் விழித்துக்கொண்டாள்! தீபம் மேலே போனபோது அந்தப் பச்சைத் திருமேனியில் மூக்குத்தி மட்டும் ஒருதரம் மின்னியது, கையில் கிளி, எங்களையே பார்ப்பதுபோல் அந்தக் கண்கள். "நகருங்க, நகருங்க" என்று சத்தம். அம்மா கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உன் பிள்ளை, பாத்துக்கம்மா" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. நான் கேட்க வைத்திருந்ததெல்லாம் எனக்கும் மறந்துவிட்டது.

முக்குறுணிப் பிள்ளையாரைப் பார்த்து மகள் வாயைப் பிளந்தாள். வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர், சதுர்த்திக்கு 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை என்று பாட்டி சொல்ல, "ஒண்ணேவா?" என்றாள். சொக்கநாதரைக் கும்பிட்டு, வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடிய நடராசரையும் பார்த்தோம். மறுநாள் பார்த்த திருமலை நாயக்கர் மகாலின் தூண்களும் திருப்பரங்குன்றமும் அழகுதான், என் மனசு மட்டும் அந்தக் கம்பி பக்கத்திலேயே நின்றுவிட்டது.

உண்டியலில் வெள்ளிக் காசுகளை மகள்தான் ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள். அந்த மஞ்சள் துணியில் இப்போது தாழம்பூக் குங்குமம் மடித்து வைத்திருக்கிறோம், தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாதான் அவளுக்கு வைத்துவிடுகிறார். மீனாட்சி, என் தாயே!