அடிமூடியில் இருக்கும் பெயர்

பழைய மில்ஸ் கையெறி குண்டின் உதிரி பாகம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் பலரும் வரிவரியாகக் கட்டம் பிரிந்த அதன் இரும்பு உடலையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். உண்மையில், பெரும்பாலான செய்திகள் அடியில் திருகப்படும் மூடியில்தான் இருக்கின்றன. 1915இல் பர்மிங்காமில் வில்லியம் மில்ஸ் வடிவமைத்த இக்குண்டைப் பல நிறுவனங்கள் செய்ததால், செய்தவரின் பெயரோ சுருக்கெழுத்தோ, குண்டின் வகை எண்ணோடும் பல வேளைகளில் ஆண்டோடும் அந்த மூடியில் பொறிக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியிலிருந்து ஏவுவதற்கான கம்பியைப் பொருத்திய 23ஆம் எண் வகையில் மூடியின் நடுவில் மரையிட்ட துளை இருக்கும்; பின்னர் வந்த 36ஆம் எண் வகையிலும் அத்தகைய துளை உண்டு. 5ஆம் எண் வகையில் அத்துளை இராது.

ஆனால் மூடி எளிதில் கழன்று மாறக்கூடியது என்பதால், அதிலுள்ள ஆண்டை முழுக் குண்டின் ஆண்டாக எழுதிவைப்பது எனக்கு உடன்பாடில்லை. உடலை வார்த்த பட்டறையின் குறி வேறாக இருப்பதும் உண்டு. எழுத்து மங்கியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்காமல், பக்கவாட்டில் சாய்வாக விளக்கொளி பாய்ச்சிப் படிப்பதே நல்லது. வெடிமருந்து நீக்கப்பட்டதென உரியவர்கள் உறுதிசெய்யாத எதையும் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.