ஆச்சியின் இரண்டு காசோலைகள்

2006 கோடையில் நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சீனக் குடும்பத்தின் பேஸ்மன்டில் வாடகைக்கு இருந்தோம். மேல்வீட்டு ஆச்சிக்கு அப்போது 88 வயது. குவாங்டொங் மாகாணத்தில் தொய்சான் பக்கத்து ஆள். அந்த ஊர்ப் பேச்சைத் தவிர வேறு பாசை தெரியாது. யூன் 22ஆம் திகதி, நாட்டுக்குள் வர ஆளுக்கு இவ்வளவு என்று ஒருகாலத்தில் சீனர்மீது விதித்த தலைவரிக்காகப் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கன்ரனீசிலும் ஒரு வசனம் சொன்னார். வரி கட்டியவர் உயிரோடு இருந்தால் அவருக்கு, இல்லையென்றால் அவருடைய மனைவிக்கு 20,000 டொலர் என்று அறிவித்தார்கள். அகதி வழக்குக் காலத்திலிருந்து நான் படிவங்களோடு மல்லுக்கட்டிப் பழகியவன் என்பது மேல்வீட்டுக்குத் தெரியும். அடுத்த நாளே கூப்பிட்டார்கள்.

கனேடிய பசிபிக் ரயில்பாதைக்கு மலை உடைத்ததில் ஆயிரக்கணக்கான சீனர்கள் இருந்தார்கள். பாதை முடிந்த 1885இலேயே சீனர் ஒவ்வொருவரும் உள்ளே வர 50 டொலர் என்று சட்டம் வந்தது. 1900இல் அது 100 ஆனது, 1903இல் 500. வேறெந்த இனத்தவரும் இப்படி ஒரு வரி கட்டவில்லை. ஆச்சியின் கணவர் 1921இல் வன்கூவரில் இறங்கியபோது அவருக்கு வயது 14. அந்த 500 டொலரைக் கடனாகக் கொடுத்தது சலவைக் கடை வைத்திருந்த பெரியப்பா. சட்டை இஸ்திரி போட்டே அதைத் தீர்த்தாராம்.

1923 யூலை 1ஆம் திகதி வரியை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து சீனர் வருவதற்கே ஏறக்குறைய முழுத் தடை. கனடாவின் பிறந்தநாளான அந்த நாளைச் சீனர்கள் அவமான நாள் என்றார்கள். இங்கேயே இருந்தவர்கள், இங்கே பிறந்த குழந்தைகள் உட்பட, எல்லாரும் பதிய வேண்டும். பதிவு அட்டையின் கீழே, இது கனடாவில் சட்டபூர்வமான அந்தஸ்தை நிறுவாது என்று அச்சடித்திருந்தது. ஊருக்குப் போனால் இரண்டு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். கணவர் 1936இல் ஊருக்குப் போய் ஆச்சியைக் கலியாணம் செய்தார். தவணை முடிய, வயிற்றில் பிள்ளையோடு ஆச்சியை விட்டுவிட்டுத் திரும்பினார். அந்தச் சட்டம் 1947இல் நீங்கியது. ஆச்சி மகனோடு வந்து சேர்ந்தது 1951இல். மகனுக்கு அப்பாவை முதன்முதலாகக் காணும்போது 13 வயது.

கணவர் வரி கட்டிய சான்றிதழ் எப்போதோ தொலைந்துவிட்டது. பரவாயில்லை, ஒட்டாவாவில் சீனக் குடிவரவுப் பதிவேடுகள் இருக்கின்றன, பெயரும் வருடமும் துறைமுகமும் கொடுத்தால் தேடுவார்கள் என்றார்கள். கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து, அப்படி ஒருவர் இல்லை என்று கடிதம் வந்தது.

இந்த இடத்தில்தான் ஆச்சியின் கணவருடைய தம்பி மகள் கைகொடுத்தா. எங்கள் முறைப்படி ஆச்சிக்கு அவவும் மகள்தான். ஆச்சி சொல்வதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னதும் அவதான். அந்த ஊர் ஆண்களுக்குக் கலியாணத்தின்போது புதுப்பெயர் வைப்பார்களாம். ஆச்சிக்குத் தெரிந்தது அந்தப் பெயர். 14 வயதுப் பையனாக இறங்கியவருக்கு இருந்தது வேறு பெயர். போதாததற்கு, பேச்சில் பெயருக்கு முன்னால் சேர்க்கும் 'ஆ'வையும் பெயரோடு சேர்த்து எழுதுவது அந்தக்கால எழுதுவினைஞர்களின் வழக்கம். உச்சரிப்பை மாற்றி மாற்றி ஆறேழு விதமாக எழுதி, கிராமத்தின் பெயரையும் போட்டு மறுபடி அனுப்பினோம்.

நவம்பரில் பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி வந்தது. வயது, உயரம், பிறந்த ஊர், வந்த கப்பல், கட்டிய தொகை. அடையாளங்கள் என்ற பகுதியில் 'இடது புருவத்தில் தழும்பு'. அதை மொழிபெயர்த்ததும் ஆச்சி தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். மாட்டுக்கொம்பு கிழித்தது என்றார்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று மகன் சத்தியக் கடதாசி முடித்தார். கலியாணப் பதிவு என்று ஒன்று கிராமத்தில் இருக்கவில்லை. 1951ஆம் ஆண்டுக் குடிவரவுப் பத்திரத்தில் 'மனைவி' என்று இருந்ததை வைத்தோம். மரணச் சான்றிதழையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

தம்பி மகளின் கதைதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவவுடைய அப்பாவும் 1922இல் 500 டொலர் கட்டியவர். அந்தச் சான்றிதழ் படத்தோடு, கசங்காமல், ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருக்கிறது. ஆனால் அப்பா எப்போதோ இறந்துவிட்டார்; அம்மா 2004இல் போய்விட்டா. பிள்ளைகளுக்குக் கிடையாது. 82,000 பேர் அளவில் கட்டிய வரி அது, சுமார் 2 கோடியே 30 லட்சம் டொலர். ஈடு கிடைத்ததோ 800 பேருக்கும் குறைவு. 'ஒரு சான்றிதழுக்கு ஒரு கொடுப்பனவு' என்று குடும்பங்கள் கேட்டுப் போராடின. நானும் அவவும் சேர்ந்து எங்கள் தொகுதி உறுப்பினருக்கு மூன்று கடிதம் எழுதினோம். தகுதி விதி மாறாது என்று பதில் வந்தது. முதியவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோகும்வரை இருபது வருடத்துக்கு மேல் இழுத்தடித்துவிட்டு, இறந்ததையே காரணமாகச் சொல்வது நியாயமில்லை என்று அன்று எழுதினேன். இன்றும் அதையே சொல்வேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று மனைவி கேட்டா. 1996இல் நிரந்தர வதிவிடத்துக்கு நாங்கள் ஆளுக்கு 975 டொலர் கட்டினோம். அது முந்தைய வருடம் எல்லா நாட்டவருக்கும் கொண்டுவந்த கட்டணம். அகதிகளுக்கு 2000இல்தான் நீக்கினார்கள். புதிய தலைவரி என்று அதை எதிர்த்தவர்களில் சீனர்களும் இருந்தார்கள். தொழிற்சாலையில் இரவு வேலை செய்து அந்தக் காசைச் சேர்த்த எனக்கு, ஓர் இனத்துக்கு மட்டும் இரண்டு வருட உழைப்பை விலையாக வைத்தால் எப்படியிருக்கும் என்பது விளங்கும்.

2007 வசந்தத்தில் ஆச்சிக்குக் காசு வந்தது. என்னைக் கூப்பிட்டு, தன் காசோலைப் புத்தகத்தைத் தந்து இரண்டு எழுதச் சொன்னார். ஒன்று மகனுக்கு, 10,000. மற்றது தம்பி மகளுக்கு, 10,000. அவ வேண்டாம் என்று எழும்பினா. ஆச்சி கையைப் பிடித்து இருத்திவிட்டார். எதற்கான காசு என்று எழுதும் கோட்டில் என்ன போட என்று கேட்டேன். பிஸ்கற் பேணியைக் கொண்டுவரச் சொன்னார். சான்றிதழின் இலக்கத்தை நான் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். ஆச்சி கையொப்பம் வைத்தார்.