பார்க்னு போட்டுடு

லேஅவுட்டில் பார்க் எங்கே வரும் என்பதில் பாதியை விதி சொல்லும், மீதியை விற்காத மூலை சொல்லும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தை ஓஎஸ்ஆராக, அதாவது பொதுத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த புரோமோட்டரும் நல்ல மனையைத் தானம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் அந்த சைட்டில் விற்காத மூலை ஒரு பாறைத் திட்டு. பாதி புதைந்த உருண்டைக் கற்கள் வட்டமாக நின்றன. நடுவில் ஒரு பலகைக் கல் சரிந்து கிடந்தது. ஆடு மேய்க்கிறவர் "பாண்டவர் குழி" என்றார். இந்த மாவட்டத்தில் சர்வே பண்ணுகிறவனுக்குக் கல்வட்டம் புதிதல்ல. சானூரில் 1950களின் தொடக்கத்திலேயே தோண்டிப் பார்த்திருக்கிறார்கள், இரும்புக் காலத்துப் புதைகுழிகள்.

"அண்ணே, இந்தக் கல்லையெல்லாம் ப்ளானில் காட்டணுமா?" என்றான் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைப் பிடிக்கும் பையன்.

"வேண்டாம், பார்க்னு போட்டுடு."

யோசித்துத்தான் சொன்னேன். பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலில் அந்த சர்வே எண் இல்லை. நாமாகப் போய்ச் சொல்லி, மத்தியத் தொல்லியல் துறை அறிவித்துவிட்டால், தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி 100 மீட்டருக்குள் கட்டவே கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 100 மீட்டர் ஆரம் என்றால் ஏழே முக்கால் ஏக்கர். மொத்த சைட்டே ஏறக்குறைய அவ்வளவுதான். பல்லாவரத்தில் இப்படி ஓர் எல்லைக்குள் மாட்டிக்கொண்டு மாடி எடுக்க முடியாமல் அலைந்தவர்களின் கதை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒரு பஸ் டிரைவர் அட்வான்ஸே கொடுத்திருந்தார். அப்ரூவலுக்கு முன்னால் வாங்கியிருக்கக் கூடாது, அது வேறு கதை. மனைவியோடு வந்து, கல் நடாத மனையைக் காலடியால் அளந்து, வாசல் கிழக்கே வருமா என்று என்னிடம் கேட்டார். அவரிடம் போய் மூவாயிரம் வருடக் கணக்கு பேச முடியுமா?

பார்க் என்று போட்டால் அதன்மேல் வீடு வராது, யாருக்கும் விற்கவும் முடியாது. என் கையில் இருந்த அதிகாரத்துக்கு அதுதான் சாத்தியம். காப்பாற்றினேன் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். பாறையை உடைத்து மனை பிரிக்கும் செலவும் மனதில் ஓடாமல் இல்லை.

ஆனால் வரைபடத்தில் பச்சைக் கோடுகளுக்கு நடுவே பார்க் என்று மட்டும்தான் இருந்தது. பார்க் வேலை எடுத்த கான்ட்ராக்டர் அதைத்தான் படித்தார். ஜேசிபி விட்டு மேட்டைச் சமமாக்கினார், நடைபாதை போட்டார், ஊஞ்சல் வைத்தார். உருண்டைக் கற்கள் நடைபாதை ஓரத்தில் வரிசையாக, ஒன்று வெள்ளை ஒன்று நீலம் என்று பெயின்ட் அடித்து நிற்கின்றன. பலகைக் கல் வேப்பமரத்தடியில் உட்காரும் திண்டு. சாயங்காலமானால் இடமே கிடைக்காது, அவ்வளவு கூட்டம். குறை சொல்லவும் வாய் வரவில்லை. ப்ளானில் கல்வட்டம் என்று எழுதியிருந்தால், ஃபைல் நகர்வதற்குள் யாராவது ராத்திரியோடு ராத்திரியாகக் கற்களை அள்ளியிருப்பார்கள் என்றும் சொல்லிக்கொள்கிறேன். அப்படி நடந்திருக்குமா, சமாதானத்துக்குச் சொல்கிறேனா, தெரியவில்லை.

அந்தப் பையன் இப்போது தனியாக ஆபீஸ் வைத்திருக்கிறான். ஒரு நாள் கேட்டான்: "பார்க்னே போட்டிருக்கலாம்ணே. கூடவே கல்லு இருக்குன்னு பஞ்சாயத்துக்கு ஒரு ஸ்கெட்ச் கொடுத்திருந்தா என்ன?" பஞ்சாயத்துக்குச் சொன்னால் துறைக்குப் போகாமல் இருக்குமா என்றேன். சொல்லும்போதே அது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரிந்தது.

அன்றைக்கு அவன் ஒவ்வொரு கல்லும் நின்ற இடத்தை அளந்து ஒரு பாயின்ட் எடுத்து வைத்திருக்கிறான். இப்போதாவது தொல்லியல் துறைக்கு அனுப்பட்டுமா என்றான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல் நகர்ந்த பிறகு அந்தப் பாயின்ட் எதற்கு? ஆனால் அடியில் தாழி ஏதாவது இருந்தால், ஜேசிபி அவ்வளவு ஆழம் போயிருக்காது. அப்படி இருந்தால் டிரைவர் வீடு 100 மீட்டருக்குள் வரும்.

அவர் இப்போது மாடி எடுக்கப் போகிறார். ப்ளான் போட என்னிடம்தான் வந்திருக்கிறார்.