மரமாக நிற்கும் கல்லறைகள்

டெக்ஸாஸ் பக்கம் பழைய கல்லறைத் தோட்டம் எது கண்ணில் பட்டாலும் வண்டியை நிறுத்திவிடுவேன். "உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்பாள் மனைவி. கிடைக்கவில்லைதான். சிலுவைகளுக்கு நடுவே ஆளுயர மரம் ஒன்று கிளைகள் வெட்டுப்பட்டு நிற்கும். கிட்டே போய்ப் பார்த்தால் முழுக்கக் கல். பட்டையின் வெடிப்பு, அடியில் படரும் கொடி, எல்லாம் உளி வேலை. நடுவில் வட்ட முத்திரை. அதற்குள் அடிமரம், கோடரி, ஆப்பு, மரச்சுத்தியல்.

'உட்மென் ஆஃப் தி வேர்ல்டு' சங்கத்தின் முத்திரை அது. பெயரைப் பார்த்து மரம்வெட்டிகள் சங்கம் என்று நினைக்க வேண்டாம். ஆயுள் காப்பீட்டுச் சங்கம். ஜோசப் கல்லன் ரூட் 1890-ல் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் தொடங்கினார். காடு திருத்திக் குடும்பத்தைக் காத்தவர்களைப் பற்றிக் கேட்ட பிரசங்கம் ஒன்றுதான் பெயருக்குக் காரணமாம். 1883-ல் அவரே அயோவாவில் தொடங்கிய மாடர்ன் உட்மென் சங்கத்தில் தகராறாகி வெளியே வந்தவர் மனிதர்.

அந்தக் காலத்தில் இத்தகைய சங்கங்களின் கணக்கு எளிது: ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். உறுப்பினர்களுக்கு வயதாக ஆக வசூல் ஏறும். பல சங்கங்கள் அதிலேயே மூழ்கின. அதனால் ஆள் சேர்ப்பதில் கெடுபிடி. மாடர்ன் உட்மென்னில் வெடிமருந்து ஆலைக்காரர், ரயில் பிரேக்மேன், சாராயக்கடைக்காரர் யாருக்கும் இடமில்லை. இரண்டு சங்கங்களிலும் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. சகோதரத்துவம் என்று பேசியவர்கள் போட்ட கோடு அது. அந்தக் கல்லை எவ்வளவு ரசித்தாலும் எனக்கு அது நினைவுக்கு வந்துவிடும்.

எந்த உறுப்பினரும் அடையாளமில்லாத குழியில் கிடக்கக் கூடாது என்பது ரூட்டின் கொள்கை. ஆரம்பத்தில் பாலிசியோடு கல்லும் சேர்ந்தே வந்தது. அப்புறம் தனிப் பணம் கட்டினால் நூறு டாலர் மதிப்பில் கல் என்றானது. 1920-களில் செலவு தாங்காமல் அதையும் நிறுத்திவிட்டார்கள். மாதிரிப் படம் ஒமாஹாவிலிருந்து உள்ளூர்க் கல்தச்சருக்குப் போகும். அவர் கைத்திறனுக்கு ஏற்ப ஓர் ஊரில் அசல் மரம், இன்னோர் ஊரில் மொட்டைத் தூண். எப்படியோ, ஊருக்கு ஊர் நின்ற இந்தக் கற்களைவிட நல்ல விளம்பரம் எந்த ஏஜெண்டும் செய்திருக்க முடியாது.

ஒன்று கவனிக்கணும்: மரக்கல் எல்லாமே இவர்களுடையது அல்ல. அப்போது அது பொதுவான ஃபேஷன். இண்டியானாவின் சுண்ணக்கல் சிற்பிகள் அதில் கில்லாடிகள். முத்திரையைத் தேடிப் பாருங்கள்.